பெல்லமி கோர்ட்டில் இருந்த கட்டு

நவம்பர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டால் எங்கள் பக்கத்தில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கோடை முடிவில் வெட்டிக் கொட்டகையில் தலைகீழாகத் தொங்கவிட்ட புகையிலை அதுவரை சருகாக நிற்கும். தொட்டால் நொறுங்கிக் கையோடு வரும். ஈரக் காற்று உள்ளே புகுந்து வளைய வந்தால்தான் இலை பதத்துக்கு வரும், துணி மாதிரி மடங்கும். அப்போது இறக்கினால்தான் உண்டு. பதம் போய்விட்டால் அடுத்த மழைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அதனால் மழைச் சத்தம் கேட்டதும் நான் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு வெர்லீன் டாக்கெட் வீட்டுக்குப் போய்விடுவேன். அவர்கள் இலையை நானும், என் இலையை அவர்களும் தண்டிலிருந்து உருவிக் கொடுப்பது எங்களுக்குள் நெடுநாள் வழக்கம்.

இலை உருவும் அறை கொட்டகையின் ஓரத்தில் ஒட்டினாற்போல இருக்கும். சின்ன அடுப்பு, நீள மேசை, ஒரே ஒரு ஜன்னல். கையெல்லாம் கருப்புப் பிசின் ஏறும். அந்த அறையில் வாயால் வேலையை ஓட்டுகிறவள் வெர்லீனின் மகள் ரோண்டா. யார் வீட்டுக் கோழி யார் வீட்டில் முட்டை போட்டது என்பதிலிருந்து பாதிரியாரின் புதுப் பல் செட்டு வரைக்கும் பேசித் தீர்ப்பாள். கை மட்டும் நிற்காது.

அந்த வருஷம் அவள் பேசவில்லை. பக்கத்தில் அவள் புருஷன் டுவேன் செலர்ஸ் நின்றிருந்தான்.

டுவேனைக் குறை சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வராது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வந்த முதல் மாதமே வெர்லீன் வீட்டுக் கூரை ஒழுகலை அடைத்தான். மாமனார் ஹோபர்ட்டுக்கு நெஞ்சு சரியில்லை என்று விறகு முழுக்க அவனே பிளந்து அடுக்கினான். நல்ல சிரிப்பு. என்னை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவான்.

மதியம் வெர்லீன் அடுப்பிலிருந்து பீன்ஸ் பானையை இறக்கினாள். பன்றிக் கொழுப்பில் காலையிலிருந்து வெந்தது. சோள ரொட்டியும் பச்சை வெங்காயமும் எடுத்து வைத்தாள். ரோண்டாவுக்கு ஐந்தாம் மாதம். தட்டு நிறையப் போட்டுக் கொடுத்தாள் அம்மா.

ரோண்டா கரண்டியை எடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோகும் முன் டுவேன் முகத்தைப் பார்த்தாள். அவன் லேசாகத் தலையசைத்தான். அப்புறம்தான் சாப்பிட்டாள். அடுத்த கரண்டிக்கும் அப்படியே.

நான் பார்த்தேன். நிமிர்ந்தால் வெர்லீனும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி இங்கயே இருந்துட்டுப் போயேன் கண்ணு, கோழி வறுக்கறேன்" என்றாள் வெர்லீன்.

டுவேன் சிரித்தான். "என்ன ரோண்டா, இருக்கணுமா உனக்கு? உன் இஷ்டம்தான்."

"இல்லம்மா. வேலை கெடக்கு."

"என்னடி வேலை? ரெண்டு பேரு வீட்டுல. அந்த நாய்க்குச் சோறு வைக்கறதா?"

"நாய் ஓடிப்போச்சும்மா."

"ஓடிப்போச்சா! உன் கால விட்டு அசையாத நாயாச்சே அது?"

டுவேன்தான் சொன்னான், "நாய்தான அத்தை, வேற கெடைக்கும்."

அந்த ஞாயிறு மாதா கோயிலில் ஒரு சம்பவம். மலைக்கு அந்தப் பக்க மாவட்டமான பெல்லமி கவுண்டியிலிருந்து உறவுக்காரர் வீட்டுக்கு வந்திருந்த ஒரு கிழவி, புதுசாகக் கல்யாணமான ரோண்டாவைப் பற்றி வெர்லீனிடம் விசாரித்தாள். மாப்பிள்ளை யார் என்றாள். செலர்ஸ் என்றாள் வெர்லீன்.

"எந்த செலர்ஸ்? ஆத்தங்கரை லாரன்ஸா?"

"டுவேன்."

"நெத்தியில தழும்பு இருக்குமா?"

"இருக்கு."

கிழவி கையுறையை மாட்ட ஆரம்பித்தாள். விரல்கள் உள்ளே போகவில்லை. "என் வாயால வேண்டாம்மா. அங்க கோர்ட்டுல இருக்கு. யாரு வேணும்னாலும் பாக்கலாம். போய்ப் பாத்துக்கோ" என்றவள், அதற்கு மேல் வெர்லீன் பக்கமே திரும்பவில்லை.

மறுநாள் காலையில் வெர்லீன் என் சமையலறை வாசலில் நின்றாள். கோயிலுக்குப் போடும் கோட்டைப் போட்டிருந்தாள். "ஜுவல், உன் வண்டிய எடு. என்னால இன்னைக்கு ஓட்ட முடியாது."

"ஹோபர்ட் கிட்டச் சொன்னியா?"

"சொன்னா துப்பாக்கியத் தூக்குவாரு. மொதல்ல என்னன்னு தெரியட்டும்."

எங்கள் கவுண்டி கோர்ட்டுக்குத்தான் முதலில் போனோம். பக்கம், இங்கேயே ஏதாவது இருக்கலாம் என்பதால். உள்ளே நுழைந்ததும் கூடத்தில் ஷெரிப்பின் டெபுடி, அதாவது கவுண்டி போலீஸ்காரன் ஒருவன், காபி கோப்பையோடு நின்றான். கர்ட்டிஸ். டுவேனின் பெரியப்பா மகன்.

"என்ன வெர்லீனக்கா, இந்தப் பக்கம்?"

"வருஷா வருஷம் வர்றதுதான, வண்டி நம்பர் புதுப்பிக்க வந்தேன்பா" என்றாள் வெர்லீன். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது.

"அது இடது பக்கம். டுவேன் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான்."

இடது பக்கமே போய், வரிசையில் நின்று, நம்பர் அலுவலகத்துப் பெண்ணிடம் ஏதோ உளறிவிட்டு வெளியே வந்தோம். வண்டியில் ஏறியதும் வெர்லீன் கதவைப் பூட்டினாள். "டுவேன்கிட்டச் சொல்லிருவான் ஜுவல். நான் கோர்ட்டுக்கு வந்தேன்னு சொல்லிருவான்."

"வண்டி நம்பருக்குன்னுதான சொன்ன?"

"என் மூஞ்சியப் பாத்தான்ல?"

பெல்லமிக்கு மலையைச் சுற்றிப் போக வேண்டும். மழை கண்ணாடியில் அறைந்தது. வழி முழுக்க அவள் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு விறகு லாரி நெடுநேரம் எங்களைத் தொடர்ந்தது. அது திரும்பிப் போகிறவரை நானும் மூச்சை விடவில்லை.

பெல்லமி கோர்ட்டில் எங்களைத் தெரிந்த ஒரு முகமும் இல்லை. கிளார்க் அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் கழுத்தில் கண்ணாடிச் சங்கிலி போட்ட ஒரு பெண் இருந்தாள். க்ளெட்டா என்று சட்டையில் பெயர் தைத்திருந்தது.

நான்தான் ஆரம்பித்தேன். "ஒருத்தரப் பத்தி ஏதாவது கேஸ் இருக்கான்னு பாக்கணும். அதுக்கு யார்கிட்ட அனுமதி கேக்கணும்?"

"அனுமதியா? எதுக்கு? இது ஊரு சொத்தும்மா. நடந்து வந்து கேட்டாக் காட்ட வேண்டியது எங்க வேலை."

"எங்க பேரு எழுதணுமா?" என்றாள் வெர்லீன்.

"வேண்டாம். யாருன்னும் கேக்க மாட்டேன், ஏன்னும் கேக்க மாட்டேன். தேடற ஆளோட பேரு மட்டும் சொல்லுங்க."

"டுவேன் செலர்ஸ்."

அப்போதுதான் அங்கே கம்ப்யூட்டர் வந்திருந்தது. ஒற்றை விரலால் தட்டிப் பார்த்தாள். இல்லை என்றாள். அலமாரியிலிருந்து பெயர் வரிசைப் புத்தகத்தை இறக்கித் தேடினாள். அதிலும் டுவேன் இல்லை.

வெர்லீன் முகத்தில் ரத்தம் திரும்பியது. "இல்லையாம் ஜுவல்! கெழவி வேற யாரையோ சொல்லிருக்கு. வா, போலாம்." என் கையைப் பிடித்து இழுக்கவே ஆரம்பித்துவிட்டாள். அப்படியே வந்துவிட்டிருக்கலாம். எனக்கும் ஆசைதான்.

"லாரன்ஸ்னு பாருங்க" என்றேன்.

க்ளெட்டாவின் விரல் பக்கத்தில் இறங்கியது. பாதியில் நின்றது. எங்களை அப்போதுதான் நன்றாகப் பார்த்தாள். "லாரன்ஸ் டுவேன். இருக்கு. முடிஞ்ச கேஸு, கட்டு கீழ இருக்கும். உக்காருங்க, எடுத்துட்டு வர்றேன்."

அவள் வரும்வரை வெர்லீன் சுவரில் தொங்கிய தீயணைப்புக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தது மெலிந்த ஒரு கட்டு. இதற்கா இவ்வளவு பயந்தோம் என்றிருந்தது.

"என் கண்ணாடி கொண்டுவரல. நீயே படி" என்றாள். கண்ணாடி அவள் கோட்டுப் பையில் துருத்திக்கொண்டிருந்தது. நான் படித்தேன்.

டீனா செலர்ஸ் என்ற பெண் தன் கையால் எழுதிய மனு. எழுத்து நெருக்கி நெருக்கி இருந்தது. கல்யாணமான புதிதில் அவர் எங்கள் அப்பா வீட்டு வேலி முழுக்கச் சரிசெய்து கொடுத்தார். எல்லாருக்கும் அவரைப் பிடித்திருந்தது. பிறகு என் நாயைக் காணவில்லை. அது கிணற்றில் இருப்பதை அவரே எனக்குக் காட்டினார். என் காரின் பேட்டரியைக் கழற்றிவிட்டார். போன் ஒயரை எலி கடித்துவிட்டது என்றார். சாப்பிடும்போது ஒவ்வொரு வாய்க்கும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்...

வெர்லீன் கையை நீட்டி அந்தத் தாளின் மேல் வைத்தாள். "இரு. இரு. கொஞ்சம் இரு."

இருந்தேன். பிறகு அவளே கையை எடுத்தாள்.

நான் கர்ப்பமான பிறகு என் செருப்புகளை எல்லாம் டிரக்கில் வைத்துப் பூட்டினார். மார்ச் மாதம் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் விளிம்புக்கு வெளியே பிடித்துக்கொண்டு நின்றார். பிடியை விடட்டுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். குழந்தை அன்றிரவு போய்விட்டது.

அதற்குக் கீழே நீதிபதியின் உத்தரவு. அருகே வரக் கூடாது என்று. அடுத்த தாளில் அவளே வந்து மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தாள். அதற்கடுத்து இன்னொரு மனு, இன்னொரு உத்தரவு. அதோடு கட்டு முடிந்தது.

"அப்புறம் அந்தப் பொண்ணு எங்க?" என்றாள் வெர்லீன்.

"அது கட்டுல இல்ல" என்றாள் க்ளெட்டா. பிறகு வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உயிரோட இருக்கா. தூரத்துல. அவ்வளவுதான் சொல்லுவேன்."

வெர்லீன் எழுந்து கைப்பையைத் திறந்தாள். "எனக்கு இதுல நகல் வேணும். எல்லாத் தாளும். அவ மூஞ்சிக்கு நேரா விரிச்சு வைக்கறேன். படிடி, யாரு கூடக் குடும்பம் நடத்தறன்னு படின்னு..."

க்ளெட்டா கட்டைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"இந்த மாசத்துல இத ரெண்டாவது தடவையா மேல கொண்டு வர்றேன்."

"வேற யாரு கேட்டா?"

"பேரு கேக்கறதில்லைன்னு சொன்னேன்ல. சின்னப் பொண்ணு. மஞ்ச மழைக்கோட்டு. வயிறு தெரிய ஆரம்பிச்சிருந்துச்சு. எதிர்க்க இருக்கற ஆஸ்பத்திரியில இருந்து ஓடி வந்த மாதிரி மூச்சு வாங்குச்சு. உக்காரும்மான்னேன், உக்காரல. நகல் வேணுமான்னேன். 'வீட்டுல வைக்க எடமில்லம்மா'ன்னுட்டுப் போயிடுச்சு."

அந்த மஞ்சள் கோட்டு வெர்லீன் வாங்கிக் கொடுத்தது.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கைப்பையை மூடினாள். "அவளுக்குத் தெரியும்" என்றாள் என்னிடம். "தெரிஞ்சுதான் என் முன்னால உக்காந்து பீன்ஸ் தின்னா."

க்ளெட்டா ஒரு தாளைத் திருப்பி அதில் ஏதோ எழுதினாள். "நான் வக்கீல் இல்ல, யோசனை சொல்லக் கூடாது. ஆனா சட்டத்துல இருக்கறதச் சொல்லலாம். வீட்ட விட்டு எந்தக் கவுண்டிக்கு ஓடி வந்தாலும் அந்தக் கவுண்டியில மனு கொடுக்கலாம். இங்க வந்தா இங்கயே. ராத்திரியா இருந்தாலும் இந்த நம்பருக்கு அடிச்சா ஜட்ஜ எழுப்புவாங்க."

ஹோபர்ட்டிடம் அன்று சாயங்காலம் சொன்னாள். நானும் இருந்தேன். அவர் எழுந்து கதவுக்கு மேலிருந்த துப்பாக்கியைப் பார்த்தார். இருமல் வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"சுட்டுட்டு நீங்க ஜெயிலுக்குப் போயிருவீங்க. அவ?" என்றாள் வெர்லீன். "அவன ஒரு பகல் முழுக்க அவகிட்ட இருந்து பிரிச்சுக் கூட்டிட்டுப் போகணும். அவ்வளவுதான் உங்க வேலை."

"எப்படி?"

"புகையிலைய ஏலத்துக்கு ஏத்தணும்ல. நெஞ்சு வலி, தனியா ஓட்ட முடியாது, நீ வா மாப்பிள்ளைன்னு கூப்பிடுங்க."

ஹோபர்ட் நெடுநேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிசின் ஏறிய கை. "அவன் பக்கத்துல உக்காந்து லெக்சிங்டன் ஏலக் கொட்டகை வரைக்கும் போகணுமா?"

"ஆமா. சிரிச்சுப் பேசிக்கிட்டுப் போகணும்."

"எனக்கு நடிக்க வராது வெர்லீன்."

"எனக்கு மட்டும் வருமா?"

மழை விட்ட காலையில் புகையிலைக் கட்டுகளை ஏற்றினோம். டுவேன்தான் பெரும்பாலும் தூக்கினான். விசில் அடித்துக்கொண்டே தூக்கினான். கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு என் பக்கம் வந்தான்.

"மேடம், போன வாரம் கர்ட்டிஸ் உங்க ரெண்டு பேரையும் கோர்ட்டுல பாத்தானாமே."

"வண்டி நம்பருக்குப்பா" என்றேன்.

"அத்தை வண்டிக்கு நம்பர் புதுப்பிக்கறது பிப்ரவரியிலதான வரும்?"

ஹோபர்ட் டிரக்கின் உள்ளேயிருந்து ஹாரனை அடித்தார். "என்ன மாப்பிள்ளை, இங்கயே பேசிட்டிருந்தா நம்ம இலைய எவன் வாங்குவான்? நல்ல வெலைக்காரனெல்லாம் காலையிலயே வாங்கிட்டுப் போயிருவான். ஏறுய்யா!" வாழ்க்கையில் அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. நடிக்க வராது என்றவர்.

டுவேன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஏறினான்.

டிரக் மலைத் திருப்பத்தில் மறைந்ததும் நாங்கள் கிளம்பினோம். ரோண்டா இருந்த, சக்கரம் வைத்த டிரெய்லர் வீடு ஓடைக்கு அந்தப் பக்கம். தட்டினோம். திரை அசைந்தது. கதவு கொஞ்சமாகத் திறந்தது.

"ஏம்மா வந்த? அவருக்குத் தெரிஞ்சுரும். வாசல் சேத்துல டயர் தடம் விழும்மா. பாப்பாரு. தெனமும் பாப்பாரு."

"கண்ணு, வா போலாம்."

"எங்க போறது? எங்க போனாலும் வந்துருவாரு. நீ போம்மா. கெஞ்சிக் கேக்கறேன், போயிரு. ஜுவலத்தை, கூட்டிட்டுப் போங்க."

வெர்லீன் கதவைத் தள்ளவில்லை. இடுக்கில் தெரிந்த மகளின் கண்ணைப் பார்த்துச் சொன்னாள், "நானும் படிச்சேன்டி."

ரோண்டா அசையாமல் நின்றாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தை முகமாக மாறுவதை நான் பார்த்தேன்.

"கிணறு வரைக்குமா?"

"கிணறு வரைக்கும்."

கதவு முழுக்கத் திறந்தது. மஞ்சள் கோட்டை எடுத்துக்கொண்டாள். வாசலில் வந்து காலைப் பார்த்துத் தயங்கினாள். வெறும் காலுறைதான். என் ரப்பர் பூட்ஸைக் கழற்றி அவள் முன்னால் வைத்துவிட்டுச் சேற்றில் வெறுங்காலோடு வண்டிக்கு நடந்தேன்.

பெல்லமி போகும்வரை ரோண்டா பின் சீட்டில் தரையோடு படுத்திருந்தாள். எழுந்து உட்கார் என்று அம்மா சொல்லியும் கேட்கவில்லை. எதிரில் டிரக் சத்தம் வந்தால் மூச்சை நிறுத்தினாள். அப்படிப் படுத்தபடியேதான் சொன்னாள், ஆஸ்பத்திரியில் புருஷனின் முழுப்பெயரை எழுதும்போது ஒரு நர்ஸ் நிமிர்ந்து பார்த்ததையும், அவன் பெட்ரோல் போடப் போன நேரத்தில் 'எதிர்க் கட்டடத்துக்கு ஓடிப்போய் இந்தப் பேரைக் கேள்' என்று அனுப்பியதையும்.

க்ளெட்டா எங்களைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் உள்ளறைக் கதவைத் திறந்துவிட்டாள். மனுத் தாளைக் கொடுத்தாள். "தங்கற விலாசத்த எழுத வேண்டாம், அத மறைச்சு வைக்க வழி இருக்கு. மத்ததெல்லாம் திறந்த ஏடு. என்ன எழுதறியோ அத நாளைக்கு யாரு வேணும்னாலும் வந்து படிக்கலாம். அவனும் படிப்பான். தெரிஞ்சுக்கோ."

ரோண்டா பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். "எல்லாத்தையும் எழுதணுமா?"

"கொஞ்சமா எழுதினாலும் ஜட்ஜ் பாப்பாரு."

"இல்ல. அவங்க எல்லாத்தையும் எழுதியிருந்தாங்க. அதனாலதான் எனக்குப் புரிஞ்சது, எனக்குப் புத்தி பெரளலைன்னு." குனிந்து எழுத ஆரம்பித்தாள்.

கையெழுத்தாகி உத்தரவு எங்கள் கவுண்டி ஷெரிப்புக்குப் போய்ச் சேர்ந்தது. பெல்லமியில் என் தங்கை வீட்டில் ரோண்டாவைத் தங்க வைத்து நாங்களும் அங்கேயே இருந்தோம். அந்த வீட்டு நம்பரைக் கொடுத்திருந்தும் ஹோபர்ட்டிடமிருந்து மட்டும் தகவல் இல்லை. ஏலக் கொட்டகைக்குப் போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. வெர்லீன் போன் பக்கத்தில் உட்கார்ந்து கோட்டுப் பொத்தானைத் திருகித் திருகிக் கையோடு பிடுங்கிவிட்டாள். "நான்தான் அனுப்பினேன். நான்தான அவரை அனுப்பினேன்" என்பதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

இருட்டும் நேரத்தில் போன் அடித்தது. ஹோபர்ட்தான். இலை விற்றதும் டுவேன் டிரக் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அவரை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறான். "வழியெல்லாம் ஒரு வார்த்தை கேக்கல வெர்லீன். விசில் அடிச்சுக்கிட்டே வந்தான். சாவிய வாங்கறப்போதான் சொன்னான், 'மாமா, பிப்ரவரியிலதான நம்பர்?'னு. ரோண்டா எங்க? இருக்காளா?"

"இருக்கா. நீங்க?"

அந்தப் பக்கம் இருமல் மட்டும் கேட்டது. மனுஷன் அழுவதை மறைக்க இருமினார் என்று வெர்லீன் பிறகு சொன்னாள்.

டுவேனைக் கண்டுபிடித்த கதையை டெபுடி கர்ட்டிஸே வந்து சொன்னான். உத்தரவோடு இன்னொருவனையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். டிரெய்லரில் ஆளில்லை. வெர்லீன் வீட்டிலும் ஆளில்லை, பின்கதவு மட்டும் திறந்து கிடந்தது. ஆனால் இலை உருவும் அறையில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தால் டுவேன் அடுப்பை மூட்டிவிட்டு மேசையில் உட்கார்ந்து மிச்சமிருந்த புகையிலையை உருவிக்கொண்டிருந்தான். தரம் பிரித்து, அழகாக அடுக்கி. பக்கத்தில் ஹோபர்ட்டின் துப்பாக்கி.

"அத்தைக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு செய்யறேன்டா. எப்ப வருவாங்க?" என்று கேட்டானாம்.

"என் சித்தப்பா மகன் அவன். சின்ன வயசுல ஒண்ணா மீன் பிடிச்சவன்" என்றான் கர்ட்டிஸ். தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தான். "அந்தத் துப்பாக்கிய நான்தான் எடுத்துக்கிட்டு உத்தரவக் கையில கொடுத்தேன் வெர்லீனக்கா. அன்னைக்கு உங்கள கோர்ட்டுல பாத்தத நான்தான் உளறினேன். என்னத் திட்டணும்னா திட்டிருங்க."

வெர்லீன் திட்டவில்லை. காபியும் ஊற்றிக் கொடுக்கவில்லை.

விசாரணையில் ஜட்ஜ் உத்தரவை நீட்டித்தார். டுவேன் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து, எல்லாவற்றுக்கும் 'ஆகட்டும் ஐயா' என்றான். அப்புறம் எங்கள் கவுண்டியை விட்டுப் போய்விட்டான். எங்கே என்று கர்ட்டிஸுக்கும் தெரியவில்லை.

ரோண்டாவுக்கு ஏப்ரலில் பெண் பிறந்தது. வெர்லீன் வீட்டோடு வந்துவிட்டாள். அடுத்த வருஷம் புகையிலை நாற்று நடும் சமயம், பிள்ளையின் தடுப்பூசிக்கு பெல்லமி போய் வந்தாள். நானும் ஹோபர்ட்டும் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். வந்ததும் வராததுமாக, பிள்ளையை இறக்காமலே சொன்னாள்.

"கடையில க்ளெட்டாவப் பாத்தேன்மா. என் கட்ட யாரோ வந்து கேட்டு வாங்கிப் படிச்சாங்களாம். போன வாரம்."

வெர்லீன் உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்தினாள். "அவனா?"

"இல்ல. ஒரு பொண்ணு. பேரு கேக்கல. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், தனியாவா வந்துச்சுன்னு. இல்லையாம், அவ அக்காவும் கூட வந்தாளாம். முழுசும் படிச்சிட்டு நகலும் எடுத்துட்டுப் போனாங்களாம்." ரோண்டா பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். கண் நிறைந்திருந்தது. "நகல் எடுத்துட்டுப் போனாங்களாம்மா."

ஹோபர்ட் தலையை ஆட்டினார்.

வெர்லீன் கத்தியைக் கீழே வைத்தாள். "அவன் கூட இப்ப இருக்கறவ பெல்லமிக்கு வந்து படிச்சிருக்கான்னா, பக்கத்துலதான இருக்கா அவ" என்றாள். "அப்ப அவனும் பக்கத்துலதான் இருக்கான்."

நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்த மத்தியானம் அது. வெர்லீன் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்து போய், முன்கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தாள்.